எலுமிச்சை தின்ற படகு

அல்போன்ஸ் அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக் குழாயடியில் நின்று, கையில் ஏறியிருந்த கிரீஸைச் சீனி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தேங்காயெண்ணெய், ஒரு பிடி சீனி. பட்டறைச் சோப்பால் போகாத கறுப்பும் இதில் போய்விடும்.

"மறுபடியும் சீனியா?" பார்பரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில கோப்பியில கிரீஸைப் போட்டுக் கலக்கித் தரேன், குடி."

"நல்லா வழுக்கிட்டு இறங்கும் அண்ணி."

அவள் தினமும் சொல்வது அது. அவன் தினமும் ஏதாவது ஒரு பதில் சொல்வது. படகு காணாமல் போவதற்கு முன்னால் அந்த வீட்டில் நடந்த கடைசிச் சாதாரணக் காரியம் அதுதான்.

"நாளைக்கு மூணு மணிக்குத் தோட்டத்துத் துரை என் படகப் பாக்க வராரு. நீங்களும் ஏரிக்கு வரணும்."

பார்பரா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். சீனி டின்னை எடுத்து மூடியைத் திருகினாள். திருகி முடிந்த பிறகும் கை மூடியிலேயே இருந்தது.

"உன் போட்டு கீழ்ப்பக்கத்து வாயால தண்ணிய உறிஞ்சிப் பின்னாடி பீச்சும்னு சொன்னியே. அந்த வாய் அடைச்சுக்கிட்டா?"

"அடைக்காது."

"அடைச்சுக்கிட்டா, யாரு குனிஞ்சு கைய விடறது?"

"அடைக்காது அண்ணி."

அவள் டின்னோடு உள்ளே போய்விட்டாள்.

அவளுடைய புருஷன், அல்போன்ஸின் அண்ணன் மைக்கேல்ராஜ், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படிக் குனிந்தவர்தான். சுங்கை மெலோர் தேயிலைத் தோட்டத்தின் அக்கரை டிவிஷனில் எடுத்த கொழுந்தை ஏரி வழியாகப் பேக்டரிக்குக் கொண்டுவரும் அலுமினியப் படகு அவர் பொறுப்பில் இருந்தது. மேலே காய்கறித் தோட்டங்கள் பெருகப் பெருக மண் கரைந்து வந்து ஏரியை மேடாக்கியது. படகுக்குக் கீழே தொங்கிய விசிறி அடிக்கடி சேற்றிலும் மரக்கட்டையிலும் மோதும். மோதினால் விசிறி உடையாமல் இருக்க, அதைப் பிடித்திருக்கும் பித்தளை ஆணி முறிந்துகொடுக்கும். புது ஆணி போட ஒருவர் பின்பக்கம் குனிந்து தண்ணீருக்குள் கையை விட வேண்டும். ஒரு மழை நாளில் நடு ஏரியில் குனிந்த மைக்கேல்ராஜ் நிமிரவில்லை.

அதன் பிறகு பார்பரா ஏரிக்கரைக்கே போனதில்லை. அல்போன்ஸோ அந்தப் படகை விட்டு அகலவில்லை. மோட்டாரின் விசிறிக் காலைக் கழற்றி எறிந்தான். கோலா தெர்லாவில் ஒரு காய்கறிக்காரர் ஒதுக்கிப் போட்ட நீர் பம்ப்பை வாங்கி வந்து, வெட்டி, ஒட்டி, அந்த இடத்தில் ஒரு ஜெட்டாகப் பொருத்தினான். கீழே கம்பிவலை போட்ட ஒரு வாய், பின்னால் ஒரு குழாய். படகின் அடிப்பக்கத்தைத் தாண்டி எதுவும் கீழே தொங்காது. மோதுவதற்கு ஒன்றுமில்லை, முறிவதற்கும் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை அவன் கரைக்குப் போனபோது படகும் இல்லை.

* * *

"அலுமினியம்லா," என்றார் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிங்காரம். இடது கன்னம் பலாச்சுளை போல வீங்கியிருந்தது. "கம்போங் ராஜாவுல பழைய சாமான் எடுக்கறவன் கண்ண மூடிட்டு வாங்குவான். ரெண்டு வருஷமா தோட்டத்துச் சாமானைத் தட்டிக் கொட்டிக்கிட்டிருந்த. இன்னிக்குத் துரை பாக்க வராரு, இன்னிக்கே காணோம். நான் என்னன்னு நெனைக்கிறது?"

"நான் செஞ்ச போட்ட நானே திருடுவேனா?"

"ஓடாத போட்டுன்னா திருடுவ. மூணு மணிக்குள்ள கரையில நிக்கணும். இல்லேன்னா போலீசுக்குப் போன் பண்ணிட்டு, லைன் வீட்டுச் சாவியக் கேட்டு வாங்கச் சொல்லிருக்காரு துரை."

வேலை போனால் வீடும் போகும். அண்ணிக்குப் பக்கத்து வீட்டில் வேறு யாரோ வருவார்கள். அல்போன்ஸ் கொழுந்து லோரியில் தொற்றிக்கொண்டு தானா ராத்தா டவுனுக்குப் போனான். பூ மொத்த வியாபாரி ஒருவரின் கடைக்கு மேல்மாடியில் காளியண்ணனின் அலுவலகம் இருந்தது.

காளியண்ணன் போலீஸில் துப்பறியும் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காணாமல் போன ஆடு முதல் காணாமல் போன மாப்பிள்ளை வரை தேடிக் கொடுப்பார். இந்த மலைக்குளிர் அவருக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. வருஷம் முழுக்க ஜலதோஷம். மலர்க்கடைக்கு மேலே குடியிருந்தும் ஒரு பூவின் வாசனையும் அறியாதவர். அவருடைய உதவியாளர் டோரீன், முன்னே ஆஸ்பத்திரியில் டெலிபோன் இணைத்துக் கொடுத்தவள். ஊரில் பாதிப் பேரின் குரலை முகம் பார்க்காமலே அடையாளம் சொல்வாள்.

"பாஸுக்கு மூளை, எனக்கு மூக்கு," என்றாள் அவள், பழைய மோரிஸ் காரை வளைவில் ஒடித்துக்கொண்டே. "ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்திருந்தா எனக்கு வேலை இருந்திருக்காது."

"ரோட்டப் பாத்து ஓட்டும்மா," என்றார் காளியண்ணன், கைக்குட்டைக்குள்ளிருந்து.

* * *

படகுத்துறையில் காளியண்ணன் முதலில் பார்த்தது தரையை அல்ல, தூணை. தூணில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் பழைய மைலோ டின்.

"இது?"

"அண்ணனோடது சார். மாத்திப் போடற பித்தளை ஆணியெல்லாம் இதுலதான் இருக்கும். முன்சீட்டுக்கு அடியில கம்பியச் சுத்திக் கட்டி வச்சிருப்பாரு. இப்ப ஜெட்டுக்கு இந்த ஆணி தேவையில்ல. ஆனா நான் அவுக்கல." அல்போன்ஸ் நிறுத்தினான். "நான் அவுக்கலையே."

காளியண்ணன் டின்னைச் சுற்றியிருந்த கம்பியைப் பார்த்தார். வெட்டப்படவில்லை. முறுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்து, நேராக்கி, அழகாகச் சுருட்டி டின்னோடு வைத்திருந்தது. "ம்" என்றார். பையைத் திரும்ப மாட்டினார்.

"பாஸ் 'ம்'னு சொன்னா பாதி கேஸ் முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்," என்றாள் டோரீன். "மீதிப் பாதிக்கு நாம நடக்கணும்." அவள் தண்ணீர் ஓரம் குந்தி உட்கார்ந்து விரலால் எதையோ வழித்தாள். முகர்ந்தாள். இன்னொரு முறை முகர்ந்தாள்.

"பாஸ், திருடன் ஊறுகா போட்டுட்டுப் போயிருக்கான். உப்பு ஒண்ணுதான் பாக்கி."

விரல் நுனியில் பொடிப்பொடியாக மஞ்சள் தோல். கரையோரம் நெடுக, கொத்தமல்லியை நறுக்கித் தூவினதுபோல மஞ்சள் பூவிதழ்களின் தூள் மிதந்தது.

"எலுமிச்சம்பழம். செவந்திப்பூ," என்றாள் டோரீன். "ரெண்டையும் சேத்து அரைச்சிருக்கான்."

அல்போன்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஆண்டியப்பன் பண்டாரம்!"

"அவர்தான் திருடரா?"

"இல்லங்க. நேத்து பூசை போட்டாரு."

கதை சிரிப்புக் கதைதான். தோட்டத்துக்கு எந்தப் புது வண்டி வந்தாலும் மாரியம்மன் கோயில் பண்டாரம் ஆண்டியப்பன் வந்து சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். மாதா கோயில் ஃபாதர் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டுப் போனதும் ஆண்டியப்பன் பழத்தோடு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரம் எங்கே? லைன் ஜனம் முழுக்க நின்று யோசனை சொன்னது. கட்டையில் தூக்கி வைத்திருந்த படகுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "வண்டிக்குக் காலு சக்கரம். இதுக்குக் காலும் இல்ல, வாய்தான் இருக்கு. வாயில வச்சிருவோம்" என்று மூன்று பழத்தையும் ஒரு முழம் செவந்திப்பூச் சரத்தையும் கம்பிவலைக்குள் செருகிவிட்டார். காலையில் எடுத்துவிடலாம் என்று அல்போன்ஸும் விட்டுவிட்டான்.

"ஆக, எடுக்காமலே ஒருத்தன் கிளப்பிருக்கான்," என்றார் காளியண்ணன். "பூசைக்கு யாரெல்லாம் வந்தது?"

"எல்லாரும்தான் சார். பொங்கலும் சுண்டலும் இருந்துச்சே."

"எல்லாரும் பாத்தாங்க. பாத்தவங்க எவனும் பழத்தை எடுக்காம இஞ்சினைத் தட்ட மாட்டான். அப்ப தட்டுனது பூசைக்கு வராத ஆள். யாரு வரல?"

அல்போன்ஸுக்கு ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வந்தது. வீங்கின முகம். "கிராணி! கிராணி வரல சார்!"

* * *

சிங்காரம் தானாகவே வந்து சேர்ந்தார், நேரத்தை ஞாபகப்படுத்துவதற்காக. மேட்டிலேயே நின்றுகொண்டார்.

"கிராணியாரே, இங்க வாங்க, ஒரு அதிசயம் காட்டறேன்," என்று டோரீன் துறைப் பலகையின் நுனியில் நின்று கூப்பிட்டாள்.

"அங்கிருந்தே சொல்லும்மா."

"சின்னதா இருக்கு. கிட்டக்க வந்தாத்தான் தெரியும்."

சிங்காரம் ஒரு காலைப் பலகையில் வைத்தார். பலகை கிறீச்சிட்டது. அடுத்த நொடி தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார், பிரிந்துபோன சொந்தத்தைக் கண்டவர்போல.

"எனக்குத் தண்ணின்னா ஆகாதும்மா! குளிக்கறதே வாளியிலதான்!"

"நேத்து சாயங்காலம் எங்க போயிருந்தீங்க?" என்றார் காளியண்ணன்.

சிங்காரம் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சு. "தானா ராத்தாவுல பல்லுப் புடுங்கினேன். ராத்திரி பூரா தூக்கமில்ல, பொஞ்சாதிதான் சாட்சி. அவளுக்கும் தூக்கமில்ல."

டோரீன் அவரைத் தூணிலிருந்து உரித்தெடுத்து மேட்டில் கொண்டுபோய் விட்டுவந்தாள். "திருடன் இவரில்ல பாஸ். இவரு போட்டத் திருடணும்னா மொதல்ல ஏரியக் காலி பண்ணணும்."

அல்போன்ஸ் சோர்ந்து உட்கார்ந்துவிட்டான். பேக்டரிப் பக்கமிருந்து கொழுந்து வாட்டும் விசிறிகளின் இரைச்சல் ஓயாமல் வந்தது. விடியற்காலையிலேயே ஓடத் தொடங்கிவிடும். பக்கத்தில் இடி விழுந்தாலும் யாருக்கும் கேட்காது.

"படகை எங்கெங்க தேடுன?" காளியண்ணன் கேட்டார்.

"அணை வரைக்கும் சார். ரெண்டு கரையும் பாத்தாச்சு."

"மேல்பக்கம்?"

"ஆறு வந்து விழற எடமா? அங்கெல்லாம் சேறு, மணல்திட்டு. கணுக்கால் தண்ணி. எந்தப் போட்டும் போகாது."

காளியண்ணன் அவனையே பார்த்தார். டோரீனும் பார்த்தாள்.

"தம்பி," என்றாள் அவள், குழந்தையிடம் பேசுவதுபோல. "ரெண்டு வருஷமா எதுக்குப்பா ஜெட்டு செஞ்ச?"

அல்போன்ஸ் எழுந்தான். நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டான். கணுக்கால் தண்ணீரில் போவதற்கென்றே ஒரு படகைச் செய்துவிட்டு, கணுக்கால் தண்ணீரில் மட்டும் அதைத் தேடாமல் விட்ட ஆள், இந்த மலையில் அவன் ஒருவன்தான்.

* * *

கரையோரப் பாதையில் மூவரும் நடந்தார்கள். காளியண்ணன் தும்மிக்கொண்டே வந்தார். அணைப் பக்கத்திலிருந்து காற்று அவர்கள் முதுகைத் தள்ளியது.

"ஒரு பழம் கரையிலேயே சட்னி ஆயிடுச்சு," என்றார். "மீதி ரெண்டும் சரமும் வாயில. வேகமா விட்ட ஒடனே உள்ள போயி அடைச்சிருக்கும். அதனால ரொம்ப தூரம் போயிருக்க முடியாது. காத்து வேற இந்தப் பக்கம்."

"தண்ணிய பீச்சாட்டி அது திரும்பாது சார். பீச்சற தண்ணிதான் சுக்கான்."

"ஆமா. காத்து விட்ட வழி."

நாணல் புதருக்கு அந்தப் பக்கம், மணல்திட்டின்மேல், அலுமினியம் வெயிலில் மின்னியது. அல்போன்ஸ் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் ஓடினான். படகு தட்டுபோலத் தட்டையாக மணல்மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. கயிற்றை ஒரு கல்லில் கட்டி வைத்திருந்தது. அடியில் கையை விட்டான். நார் சுற்றிய ஒரு மஞ்சள் உருண்டை கையோடு வந்தது.

"பண்டாரம் வச்ச பழம், பழமா இல்ல," என்று டோரீன் மூக்கைச் சுளித்தாள். "போட்டு நல்லா மென்னுருக்கு."

"திருடுன ஆள் கயித்தக் கட்டிட்டுப் போவானா சார்?"

"அதைத்தான் நான் காலையிலேருந்து யோசிக்கறேன். இந்த ஆள் போட்டக் கிளப்பறதுக்கு முன்னாடி, துருப்பிடிச்ச ஒரு டின்னைப் பொறுமையா அவுத்து, பையில போட்டு, கரையில மாட்டிட்டுக் கிளம்பிருக்கு. போட்டு முழுகலாம், நான் முழுகலாம், டின்னு முழுகக் கூடாதுன்னு." காளியண்ணன் கைக்குட்டையை மடித்தார். "அந்த டின்னு இந்தத் தோட்டத்துல யாருக்கு அவ்வளவு முக்கியம்? பூசைக்கு வராதவங்க கிராணி ஒருத்தர்தானா?"

அல்போன்ஸ் மஞ்சள் உருண்டையைக் கீழே போட்டான். பூசைக்கு யார் வரவில்லை என்று எண்ணியபோது அண்ணியை அவன் எண்ணவேயில்லை. அவள் ஏரிக்கு வராதது அவ்வளவு வழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு காலத்தில் அண்ணன் கொழுந்து மூட்டைகளின்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்க, அவள்தான் மோட்டார் பிடியை முறுக்கிக்கொண்டு வருவாள் என்பதையும் மறந்திருந்தான்.

டோரீன் ஏற்கெனவே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிவில் தேயிலை நிரைகளுக்கு நடுவே, கூடையோடு ஒருத்தி இறங்கி வந்தாள். முழங்கால் வரை காய்ந்த சேறு.

"கண்டுபுடிச்சிட்டியா?" என்றாள் பார்பரா. "சாப்பாட்டு மணி வரைக்கும் பாத்துட்டு, நானே வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"அண்ணி! என் வேலை போயிருக்கும். போலீசு வந்திருக்கும்!"

"வேலை போனா வேற வேலை. நீ போனா?"

காளியண்ணன் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டார்.

"அடைக்காது, அடைக்காதுன்னே. எனக்குத் தெரியணும். துரைய வச்சுக்கிட்டு நீ நடு ஏரியில தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி, நான் தெரிஞ்சுக்கணும்." கூடையை இறக்கி வைத்தாள். "அவரு போன எடத்துக்கே விட்டேன். அந்தக் கட்டை இன்னும் அங்கதான் கெடக்குது. மேல சும்மா வழுக்கிட்டுப் போச்சு அல்போன்ஸ். ஒரு சத்தம் இல்ல. சந்தோசத்துல வேகமா முறுக்கிட்டேன். கடகடன்னு ஒரு சத்தம், மஞ்சளா பீச்சுது, அவ்வளவுதான், நின்னுபோச்சு."

"குனிஞ்சீங்களா?" என்றான் அல்போன்ஸ்.

"குனிவேனா? கையக் கட்டிட்டு உக்காந்தேன். காத்து தள்ளிட்டு வந்து இங்க விட்டுச்சு. பழைய போட்டுன்னா பாதிச் சேத்துலயே கால ஊனி நின்னுருக்கும். இது கரை வரைக்கும் வந்து எறக்கி விட்டுச்சு. அதையும் சொல்லணும்ல."

"அப்ப போட்டு நல்ல போட்டு," என்றாள் டோரீன். "தின்னத் தெரியுது, துப்பத்தான் தெரியல." தலையிலிருந்த சீப்பை உருவி, கம்பிவலைக்குள் பல்லைக் கொடுத்து, சிக்கியிருந்த நாரை வெளியே தள்ளிக் காட்டினாள். "இந்தா, இப்படி ஒண்ணு வச்சா ஆகாதா?"

அல்போன்ஸ் அந்தச் சீப்பையே பார்த்தான். பிறகு அதை வாங்கினான். பிறகு திருப்பித் தரவேயில்லை.

* * *

மூன்று மணிக்குத் துரை வந்தபோது படகு கட்டையில் கவிழ்ந்து கிடந்தது, அல்போன்ஸ் பற்றவைப்புக் கண்ணாடியோடு அதன்மேல் குனிந்திருந்தான்.

"படகு எங்கே போயிருந்தது?" என்று துரை கேட்டார்.

"வெள்ளோட்டத்துக்கு முன்னால ஒரு வெள்ளோட்டம் சார்," என்றார் காளியண்ணன். "ஒரு குறை கண்டுபிடிச்சிருக்காங்க. ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கறதுக்குள்ள சரியாயிடும்." துரை ஒன்று குடித்து, இரண்டாவதையும் குடித்தார். காளியண்ணன் ஜலதோஷத்தைப் பற்றி விரிவாகப் பேசினார்.

கம்பிகளை வளைத்து ஒரு பெரிய சீப்பு, வலைக்குப் பின்னால். அதிலிருந்து சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று படகுக்குள் வந்து ஒரு கைப்பிடியில் முடிந்தது. இழுத்தால் பல் உள்ளே போய், வாயில் இருப்பதைக் கீழே தள்ளும். யாரும் குனிய வேண்டாம்.

"மறுபடியும் வையுங்க பழத்த," என்றாள் பார்பரா ஆண்டியப்பனிடம்.

"இப்ப என்னம்மா பூசை?"

"இது பூசையில்ல. பரீட்சை."

மோட்டார் பக்கம் உட்காரப் போன அல்போன்ஸை அவள் கையால் தள்ளிவிட்டாள். "நீ முன்னால போ. நான் ஓட்டறேன்." துரை சிங்காரத்தைப் பார்த்தார். சிங்காரம் தூணைப் பார்த்தார். துரை மட்டும் படகில் ஏறி நடுவில் உட்கார்ந்தார்.

நடு ஏரியில் மோட்டார் கடகடவென்று கம்மியது. கரையில் நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தார்கள். பார்பரா நிமிர்ந்து உட்கார்ந்தபடியே கைப்பிடியை இழுத்தாள். பின்னால் மூன்று மஞ்சள் பழங்கள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. படகு துள்ளிக்கொண்டு பாய்ந்தது. துரையின் தொப்பி ஏரியோடு போயிற்று.

"பாஸ், அந்தத் தொப்பியத் தேடற கேஸ நாம எடுக்க வேணாம்," என்றாள் டோரீன். "என் சீப்பையே இன்னும் காணோம்."

அந்தப் படகு பிறகு பல வருஷம் ஓடியது. மோட்டாரை இரண்டு முறை மாற்றினார்கள். சீட்டுப் பலகை மாறியது, வர்ணம் மாறியது, ஓட்டினவர்களும் மாறினார்கள். அன்று கிளம்புவதற்கு முன்னால் பார்பரா முன்சீட்டுக்கு அடியில் குனிந்து, கம்பியின் பழைய முறுக்குத் தடங்களிலேயே வைத்துத் திரும்பக் கட்டிய மைலோ டின் மட்டும் அங்கேயே இருந்தது. உள்ளே, யாருக்கும் தேவைப்படாத பித்தளை ஆணிகள், மைக்கேல்ராஜ் தடவி வைத்த கிரீஸோடு.